இரும்புத் தலை விழுந்த முற்றம்

ஏறட்டுமா என்று லோஷினி கேட்பதும், இன்றைக்கு வேண்டாம் என்று ஷஹ்மா டீச்சர் சொல்வதும் அந்தப் பள்ளித் தவணை தொடங்கியதிலிருந்து நடந்துவந்தன. கேட்கும்போது லோஷினி அழுவதில்லை. அதுதான் ஷஹ்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் ஜங்கிள் ஜிம்மின் உச்சித் தட்டில் உட்கார்ந்து கப்பல் ஓட்டும்போது, கடல் முழுவதும் தன்னுடையது என்பதுபோல் இவள் கீழே நின்று, அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். பிறகு டீச்சரிடம் நடந்துவந்து கேட்பாள்.

அவளுக்கு நான்கு வயது. இரண்டு வயதில், மகியாவையில் அவர்கள் அப்போது இருந்த மாடிவீட்டுப் படியில் உருண்டு விழுந்தாள். தலைக்குள் இரத்தம் கட்டிவிட்டது. சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். இப்போது முடி வளர்ந்து தழும்பை மூடியிருக்கிறது. எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, எல்லாப் பிள்ளைகளையும்போல ஓடி விளையாடட்டும், தலையில் பலமான அடி மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைசியாகப் பார்த்த டொக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய அம்மா இராஜகுமாரி அந்தப் பேச்சின் கடைசிப் பகுதியோடு மட்டும் வீடு திரும்பியவர்.

ஷஹ்மாவின் முன்பள்ளி கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில், பிரதான வீதியிலிருந்து சற்று மேலே ஏறிப்போகும் ஒழுங்கையில் இருந்தது. பின்முற்றம் முன்பு வெறும் சீமெந்து. ஆற்றிலிருந்து எழும் காலைப் பனிப்புகார் அந்தச் சீமெந்தில் படிந்து, வெயில் வரும்வரை வழுக்கிக்கொண்டே இருக்கும். அங்கே செயற்கைப் புல் போட வேண்டும் என்பது ஷஹ்மாவின் நெடுநாள் ஆசை. விற்கிறவர்கள் காட்டிய படங்களில் புல் எப்போதும் வெயிலில் பளபளத்தது. அவளோ வேறு கேள்விகளோடு போனாள். பகல் வெயிலில் பிள்ளைகளின் உள்ளங்கால் சுடுமா, நிறத்தில் ஈயம் இருக்கிறதா, இழைகளுக்கிடையில் தூவும் பொடி பழைய டயரில் அரைத்ததா என்றெல்லாம் கேட்டாள். டயர்ப் பொடி வேண்டாம், கழுவிய மணல் போதும் என்றாள். ஜங்கிள் ஜிம்மைச் சுற்றிப் புல்லுக்கு அடியில் அதிர்ச்சியை வாங்கும் அடிமெத்தை கட்டாயம் வேண்டும் என்றாள். கடைக்காரருக்கு அவள் போனபின் தலைவலி வந்திருக்கும்.

போட்டுக்கொடுத்தவன் அவளுடைய தம்பி அம்ஜத். பள்ளிவாசல்களுக்குத் தரைவிரிப்புப் போடுவதுதான் அவனுடைய தொழில். அக்குறணையிலிருந்து நாவலப்பிட்டி வரைக்கும் அவன் கத்தி படாத பள்ளிவாசல் குறைவு. ஷஹ்மா ஒரு பயிற்சி வகுப்புக்காகக் கொழும்புக்குப் போயிருந்த நாட்களில் அவன் வந்து வேலையை முடித்தான். அவள் திரும்பி வந்து பார்த்தபோது முற்றம் ஒரே பச்சையாக, எங்கும் ஒரு மடிப்பில்லாமல், ஓரங்கள் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தாள். யாருடைய கனவுக்குள்ளோ நுழைந்துவிட்டதைப்போல மெதுவாக நடந்தாள்.

முதல் வாரமே ஸாகி விழுந்தான். எதற்கும் பயப்படாத பயல் அவன். உச்சித் தட்டிலிருந்து கையை விட்டுப் பின்பக்கமாக விழுந்து, தலை ஒருமுறை தரையில் பட்டு எழும்பியது. ஷஹ்மா ஓடிப் போவதற்குள் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். அன்றைக்குப் பெற்றோர் எல்லோரிடமும் ஷஹ்மா அதைச் சொன்னாள். சொன்னபோது அவளுக்குப் பெருமைதான்.

இராஜகுமாரியிடமும் சொன்னாள். அவர் மாநகரசபையில் எழுதுவினைஞர், வேலைக்குப் போகிற அவசரத்திலும் நின்று முழுவதையும் கேட்டார். புல்லோடு வந்த சான்றிதழையும் ஷஹ்மா எடுத்துக் காட்டினாள். விழுகிற உயரத்துக்கு ஏற்ற தரம் என்று அதில் போட்டிருந்தது.

"டீச்சர், நான் இருக்கிறதே காகிதம் எழுதுற ஆபீஸ்லதான்," என்றார் இராஜகுமாரி. "அந்தக் காகிதம் சொல்றது அவங்க தரையப் பத்தி. எம் புள்ள விழப் போறது உங்க தரையில. ஒரு தலை அந்த உசரத்துல இருந்து இந்த எடத்துல விழணும், அதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அத நான் என் கண்ணால பாக்கணும்."

ஸாகி விழுந்தானே என்று சொல்ல வாயெடுத்த ஷஹ்மா நிறுத்திக்கொண்டாள். ஸாகியை இன்னொருமுறை விழச் சொல்ல முடியாது. அதோடு, அந்தப் பெண்மணி கேட்டதில் பிழை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. கீழே நின்று அலைகளைச் சொல்லும் பிள்ளை கண்ணுக்கு முன் வந்து நின்றாள். சரி, காட்டுகிறேன் என்றாள். லோஷினியும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அதனால் அது அவளுக்கும் கொடுத்த வாக்காகிவிட்டது.

அப்படி ஒரு தலை உண்மையிலேயே இருந்தது. இப்படியான தரைகளைச் சோதிக்கிற ஒரு கம்பனியை ஷஹ்மா கொழும்பில் தேடிப் பிடித்ததும், அதிலிருந்து மோகனராஜ் என்ற பொறியியலாளர் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வான் வண்டியில் வந்தார். சொந்த ஊர் புசல்லாவை, கண்டிப் பக்கம் வேலை என்றால் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வருவேன், அப்படியே அம்மா வீட்டுக்கும் போய்விடலாம் என்று சிரித்தார். முக்காலி ஒன்றை விரித்து நிறுத்தி, அதன் உச்சியில் ஒரு பாரமான இரும்பு அரைக்கோளத்தைத் தொங்கவிட்டார். கண்ணும் மூக்கும் இல்லாவிட்டாலும் அது தலைதான் என்று பார்த்த உடனே தெரிந்தது. கழுத்துப் பக்கமிருந்து ஒரு வயர் மடிக்கணினிக்குப் போனது.

பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். லோஷினி மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மோகனராஜ் விளக்கினார். தலை விழுந்து நிற்கிற அந்தக் கண நேரத்தில் எவ்வளவு கடுமையாக நிறுத்தப்படுகிறது என்பதைக் கருவி ஓர் எண்ணாகக் காட்டும். மெதுவாக நிறுத்துகிற தரை என்றால் எண் சிறிது. ஆயிரத்தைத் தாண்டினால் அந்த உயரத்துக்கு அந்தத் தரை ஆகாது. ஒரே இடத்தில் போட்டுப் பார்த்தால் போதாது, விழக்கூடிய பக்கமெல்லாம் போட வேண்டும். இராஜகுமாரி அலுவலகத்தில் கேட்பதைப்போல ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

தலையை உச்சித் தட்டின் உயரத்துக்கு ஏற்றி விட்டார்கள். பூசணிக்காய் மெத்தையில் விழுந்ததுபோல ஒரு சத்தம். அறுநூற்றுச் சொச்சம். ஷஹ்மா மூச்சு விட்டாள். முக்காலியைத் தள்ளி வைத்து இன்னொருமுறை. அதுவும் அறுநூறுக்குப் பக்கத்தில். லோஷினி அம்மாவின் கையை ஆட்டினாள்.

மூன்றாவதுமுறை சத்தமே வேறு. புல்லுக்கு அடியில் யாரோ கதவைத் தட்டியதுபோல இருந்தது. மோகனராஜ் திரையைப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் திரும்பவும் போட்டார். திரும்பவும் அதே தட்டல்.

"எவ்வளவுங்க?" என்று இராஜகுமாரி கேட்டார்.

"ரெண்டாயிரத்துக்கு மேலங்க அக்கா."

அவர் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்குவது அவருக்குப் பழக்கமில்லை என்பது தூக்கிய விதத்திலேயே தெரிந்தது. ஆனாலும் இறக்கவில்லை. ஷஹ்மாவிடம் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் அவள் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்திருப்பாள். இப்போது ஸாகியின் தலை தரையில் பட்டு எழும்பிய காட்சி மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. அவன் எந்த இடத்தில் விழுந்தான்? அன்றைக்கு அவள் பெருமைப்பட்டாளே, எதை நம்பிப் பெருமைப்பட்டாள்? பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் போய் உட்கார்ந்தாள். முழங்கால் நாடியைத் தொட்டது.

மோகனராஜ் மேலும் பல இடங்களில் போட்டுப் பார்த்தார். சில இடங்களில் அருமையாக இருந்தது. ஓரிரு அடி தள்ளினால் பாறைபோல இருந்தது. அடிமெத்தை மோசமானதாக இருந்தால் எல்லா இடமும் மோசமாக இருக்கும், இது அப்படியில்லை, கீழே என்ன நடந்திருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது, புல்லைக் கிழித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். யார் போட்டது என்று கேட்டார். ஷஹ்மா தம்பிக்குப் போன் எடுத்தாள்.

அம்ஜத் அப்போது மாவில்மடைப் பக்கம் ஒரு வீட்டில் அளவெடுத்துக்கொண்டிருந்தான். மோட்டார்சைக்கிளை ஒழுங்கையில் போட்டுவிட்டு உள்ளே வந்தவன், முக்காலியையும் தொங்கும் இரும்பையும் எல்லோருடைய முகத்தையும் பார்த்தான்.

"என்ன ராத்தா, என்னைய தூக்கில போடவா?" என்று அக்காவிடம் கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. நடந்ததை ஷஹ்மா சொன்னாள். அடிமெத்தையைப் போட்டாயா இல்லையா என்று கேட்டாள். போட்டதாக அவன் அடித்துச் சொன்னான். அவ்வளவும் போட்டாயா என்று மோகனராஜ் கேட்டபோது, அவன் அவரை ஒருமாதிரிப் பார்த்தான். எல்லா இடமும் ஏன் போட வேண்டும் என்பது அவனுக்கு விளங்கவில்லை.

பிறகு அவன் தன் வேலையை விளக்கினான். பள்ளிவாசலில் விரிப்புக்கு அடியில் மெத்தை போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தொழுகிற வரிசை ஒவ்வொன்றிலும் முழங்காலும் நெற்றியும் படுகிற இடத்துக்குத்தான் மெத்தை. கால் ஊன்றி நிற்கிற இடம் உறுதியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயதானவர்கள் எழும்பும்போது தள்ளாடுவார்கள். அதனால் ஒரு பட்டி மெத்தை, ஒரு பட்டி உறுதி. ஓரங்களைச் சீவி மட்டம் பார்த்துவிட்டால் மேலே நடக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. இங்கேயும் அப்படித்தான் செய்தான். மெத்தைப் பட்டிகளுக்கு இடையில் கல்தூள் கொட்டி, தண்ணீர் தெளித்து, இடித்து மட்டம் செய்தான். நாலு வயதுப் பிள்ளைகளும் தள்ளாடுகிறவர்கள்தானே, ஓடுகிறபோது கால் புதையக் கூடாதே என்று யோசித்துச் செய்த வேலை அது. யாரையும் ஏமாற்றுகிற எண்ணம் அவனுக்கு இருக்கவில்லை.

"நீ அவங்கள ஸப்பு வரிசையில நிக்க வெச்சா தொழப் பழக்கப் போற?" என்றாள் ஷஹ்மா. "அங்க மனிசர் நெத்தியக் கொண்டு போய் அவங்களாவே வெக்கிற. இங்க தலை வந்து விழுற. எங்க விழும்டு அது சொல்லிட்டா வரும்?"

அம்ஜத் ஜங்கிள் ஜிம்மை ஏறிட்டுப் பார்த்தான். உச்சித் தட்டிலிருந்து கீழே, ஒவ்வொரு பக்கமாக, அவன் பார்வை இறங்கி வந்தது. அப்படி அவன் அதைப் பார்ப்பது அதுதான் முதல்முறை என்று ஷஹ்மாவுக்குத் தோன்றியது. அவன் தரையை மட்டுமே பார்த்து வேலை செய்கிறவன். மேலே என்ன நிற்கிறது என்பது பள்ளிவாசலில் அவனுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

"யா அல்லாஹ்," என்று மெதுவாகச் சொல்லிப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

மோகனராஜ் அவன் பக்கம் திரும்பினார். பட்டிகள் எந்தப் பக்கமாகப் போகின்றன என்று தெரிந்தால் புல்லை எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்கலாம் என்றார். அம்ஜத் எழுந்து, வடக்கே சற்றுச் சாய்ந்து மேற்கைப் பார்த்து நின்றான். தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கித்தான் போட்டிருந்தான். வேறு பக்கமாகப் போட அவனுடைய கைக்குத் தெரியாது. சுவர் ஒரு பக்கம், ஜங்கிள் ஜிம் ஒரு பக்கம், பட்டிகள் இரண்டுக்கும் சாய்வாக. அதனால்தான் இரும்புத் தலை ஒரு நேரம் மெத்தையிலும் ஒரு நேரம் கல்தூளிலும் விழுந்தது.

அவன் வெண்கட்டியை வாங்கி, முற்றத்தின் மூலையிலிருந்து எட்டு வைத்து நடந்து, பச்சைப் புல்லின்மேல் சாய்கோடுகள் போட்டான். மோகனராஜ் அவன் சொன்ன பட்டியில் தலையைப் போட்டார். அறுநூறு. பட்டிக்கு வெளியே போட்டார். இரண்டாயிரம். எங்கே போட்டாலும் கோடுகள் பொய் சொல்லவில்லை. புல்லுக்கு அடியில் ஒரு தொழுகைக்கூடம் மெல்ல எழுந்து வருவதைப் பார்ப்பதுபோல எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷஹ்மா எழுந்து, ஸாகி விழுந்த இடத்துக்குப் போய் நின்றாள். உச்சித் தட்டின் பின்பக்கம், சுவரில் மீன் வரைந்திருக்கிற இடத்துக்கு நேரே. அவளுடைய கால்கள் இரண்டு கோடுகளுக்கும் நடுவில், மெத்தைப் பட்டியில் இருந்தன. வலது பக்கக் கோடு காலுக்கு ஒரு சாண் தூரத்தில் ஓடியது. அவள் அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னாள். பிறகு சத்தமில்லாமல் அழுதாள். இராஜகுமாரி பிள்ளையை இறக்கிவிட்டு வந்து அவளுடைய முதுகைத் தடவினார்.

அன்றைக்கே ஜங்கிள் ஜிம்மைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மிச்ச மெத்தை எங்கே என்று கேட்டபோது, ராத்தா கணக்குப் பிழைத்துக் கூட வாங்கிவிட்டாள், கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்து வீட்டில் வைத்திருந்ததாக அம்ஜத் சொன்னான். இப்போது அதன்மேல் பாய் விரித்து அவனுடைய மனைவி ஸுமைரா மத்தியானத்தில் தூங்குகிறாள். தரமாட்டேன் என்று சண்டைக்கு வருவாள் என்றான். அவள் சண்டைக்கு வரவில்லை. விசயத்தைக் கேட்டதும் தானே சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி, ஓட்டோவில் ஏற்றி அனுப்பினாள். இவ்வளவு நல்ல மெத்தையைப் பிள்ளைகளுக்குப் போடாமல் எனக்குப் போட்டிருக்கிறானே என்று ஷஹ்மாவுக்குப் போனில் மட்டும் சொன்னாள்.

அம்ஜத் ஒட்டியதைப் பிரிப்பது லேசான வேலையில்லை. சனியும் ஞாயிறும் போனது. ஸாகியின் வாப்பா ஹபீல் வந்து கல்தூளைக் கொத்திக் கொடுத்தார். மகன் விழுந்த கதையின் மறுபாதியை ஷஹ்மா அவரிடம் நேரில் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். எனக்கு இப்ப சொன்னதும் நல்லதுதான் டீச்சர், அன்றைக்கே தெரிந்திருந்தால் தூக்கம் போயிருக்கும் என்றார். பிறகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கொத்தினார். இடையில் மழை வந்தது. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சுவரோரம் நின்று தேத்தண்ணி குடித்தார்கள். இந்தமுறை அம்ஜத் மெத்தைகளை ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் சேர்த்துப் போட்டான். ஜங்கிள் ஜிம்மின் ஒவ்வொரு பக்கத்திலும் எவ்வளவு தூரத்துக்குப் பிள்ளை விழலாம் என்று மோகனராஜ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு மேலும் ஒரு முழம் கூட்டிப் போட்டான். ஒவ்வொரு துண்டை வைத்ததும் அண்ணாந்து பார்த்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரும்புத் தலை திரும்ப வந்தது. இந்தமுறை எங்கே போட வேண்டும் என்று காட்டியவர் இராஜகுமாரி. அவர் நடுவில் காட்டவில்லை. ஏணியின் கால் ஊன்றிய மூலை, இரண்டு மெத்தைகள் சேருகிற கோடு, தண்ணீர் போகிற வாய்க்காலின் ஓரம் என்று எங்கே தவறியிருக்கலாமோ அங்கெல்லாம் தன் செருப்பைக் கழற்றி அடையாளமாக வைத்தார். அலுவலகத்தில் அவர் மேசைக்கு வருகிற கோப்புகளை நினைத்து மோகனராஜ் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். அவர் சலிக்காமல் முக்காலியைத் தூக்கிக்கொண்டு செருப்பின் பின்னால் போனார். ஐந்நூற்றுச் சொச்சம், அறுநூறு, வாய்க்கால் ஓரத்தில் எழுநூற்றுக்குக் கொஞ்சம் மேல். அம்ஜத் ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடித் திறந்தான். எண்களை அவன் பார்க்கவில்லை. சத்தமே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"இன்னும் எங்கயாச்சும் போடணுமாக்கா?" என்று மோகனராஜ் கேட்டார்.

இராஜகுமாரி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டார்.

"போதும்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் லோஷினிக்கு அது போதுமாக இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு டீச்சரிடம் திரும்பினாள். இந்தமுறை அவள் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் ஷஹ்மா தலையாட்டினாள்.

ஏணியில் முதல் படி. இரண்டாவது படி. இராஜகுமாரி பின்னாலேயே போய், பிள்ளையைத் தொடாமல், ஆனால் தொடுகிற தூரத்தில் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றார். லோஷினி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க கடல்ல நிக்கிறீங்க," என்றாள். "ஒதுங்குங்க."

அவர் ஒதுங்கினார். ஓர் எட்டு, பிறகு இன்னொன்று. ஷஹ்மாவின் பக்கத்துக்கு வந்து நின்ற பிறகும் கைகள் நீண்டபடியேதான் இருந்தன. அதைப் பார்த்து அவரே வெட்கப்பட்டு, கைகளைக் கைப்பையின் வாரில் கோத்துக்கொண்டார்.

லோஷினி உச்சித் தட்டில் ஏறி உட்கார்ந்து, மகாவலி ஆற்றின் பக்கம் கையை நீட்டி, கீழே நின்றவர்களுக்குக் கட்டளைகள் போட்டாள். இறங்கி வந்தாள். உடனே திரும்ப ஏறினாள். மூன்றாவதுமுறை இறங்கும்போது கடைசிக்கு முந்திய படியில் கால் தவறி, பின்பக்கமாக விழுந்தாள். உயரம் ஒன்றும் இல்லை. தலை புல்லில் மெல்லத் தட்டியது.

லோஷினி படுத்தபடியே அம்மாவைப் பார்த்தாள். அழுவதா வேண்டாமா என்று அந்த முகத்தில்தான் தேடினாள். இராஜகுமாரியின் விரல்கள் வாரை இறுக்கின. ஷஹ்மா அவருடைய முழங்கையைப் பிடித்தாள். பிறகு அந்த முகத்தில், எங்கிருந்தோ, இரண்டு வருடங்களாகக் காத்திருந்ததுபோல ஒரு சிரிப்பு வந்தது. அது வருவதற்கும் கண்ணில் நீர் வருவதற்கும் நேரம் சரியாக இருந்தது.

"என்ன, கப்பல்ல இருந்து விழுந்துட்டியா?" என்று கேட்டார்.

லோஷினி எழுந்து உட்கார்ந்தாள். பின்னந்தலையைத் தடவினாள். முடிக்குள்ளிருந்து ஒரு மணல் துகளை எடுத்து, அது என்ன என்று கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, ஏணியின் பக்கமாக நடந்தாள்.